எலிசபெத் கீத்: கொரியாவை மரக்கட்டை அச்சில் பதித்த ஸ்காட்லாந்துப் பெண் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரிய வரலாற்றுத் தொடர்களில் வரும் கறுப்புத் தொப்பியையும், மணப்பெண்ணின் கன்னத்துச் சிவப்புப் பொட்டையும், கோட்டை வாசல்களையும் பழைய படங்களில் தேடிப் போகிறவர்கள் ஏதாவது ஒரு கட்டத்தில் எலிசபெத் கீத்தின் படம் ஒன்றின் முன் வந்து நிற்பார்கள். படம் உடனே பிடித்துப்போகும். வரைந்தவரைப் பற்றித் தமிழில் படிக்கத்தான் அதிகம் கிடைக்காது. அப்படி வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் கீழே.

யார் இந்த எலிசபெத் கீத்?

1887 ஏப்ரல் 30 அன்று ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள மக்டஃப் என்ற மீன்பிடித் துறைமுக ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. 28 வயதில் ஜப்பானுக்குப் போனார். அங்கிருந்து கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் என்று சுற்றி, பார்த்த மனிதர்களையும் தெருக்களையும் நீர்வண்ணத்தில் வரைந்தார். அந்தப் படங்களில் பலவும் டோக்கியோவில் மரக்கட்டை அச்சுகளாக வெளிவந்தன. பின்னாளில் செப்புத் தகட்டு அச்சும் கற்றுக்கொண்டார். அவர் பெயரில் உள்ள அச்சோவியங்கள் நூற்றுக்கு மேல். 1956-இல் இறந்தார்.

ஜப்பானுக்கு ஏன் போனார்?

அக்காவைப் பார்க்க. அக்கா எல்ஸ்பெத்தின் கணவர் ராபர்ட்சன் ஸ்காட் ஒரு பத்திரிகையாளர். டோக்கியோவில் தங்கி ‘நியூ ஈஸ்ட்’ என்ற மாத இதழை ஆங்கிலத்திலும் ஜப்பானிய மொழியிலும் நடத்தினார். முதலாம் உலகப் போர்க் காலம் அது. ஜப்பானியரிடம் பிரிட்டனைப் பற்றி நல்லெண்ணம் வளர வேண்டும் என்பதற்காக அந்த இதழுக்கு பிரிட்டிஷ் அரசின் ஆதரவும் இருந்தது.

கீத் 1915-இல் கப்பலேறியபோது சில மாதங்களில் திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். டோக்கியோ பிடித்துப்போனதால், ஊர் திரும்புவதற்காக வைத்திருந்த டிக்கெட்டை விற்றுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். திரும்பிப் போக ஒன்பது ஆண்டுகள் ஆயின.

ஓவியக் கல்லூரியில் படித்தவரா?

இல்லை. பெரும்பாலும் தானே வரைந்து பழகியவர். இதை ஒரு குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அதுவே அவருக்கு நல்லதாகப் போயிற்று என்பது என் கட்சி. அன்றைய ஐரோப்பிய ஓவியப் பள்ளிகளில் ‘கிழக்கத்திய நாடு’ என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு வார்ப்பு தயாராக இருந்தது: விசிறி, மூங்கில், மயங்கி நிற்கும் பெண். அந்த வார்ப்பை அவர் கற்கவில்லை. அதனால் எதிரே இருப்பவரின் தொப்பிக் கயிறு எந்தப் பக்கம் முடிச்சிடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் வரைந்தது கேலிச்சித்திரம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். டோக்கியோவில் வாழ்ந்த வெளிநாட்டுக்காரர்களைக் கிண்டலடித்து அவர் வரைந்த படங்கள் 1917-இல் ஒரு புத்தகமாக வந்தன. விற்பனைப் பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போனது. இன்று அந்தப் படங்களில் பெரிய சுவை இல்லை. கிண்டலடிக்கப்பட்டவர்கள் யார் என்று தெரிந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் ஒருவரின் நிற்கும் விதத்தையும் தோள் சாய்வையும் நாலு கோட்டில் பிடிக்கும் பழக்கம் அங்கேதான் வந்தது. பின்னால் கொரியக் கிழவர்களை வரையும்போது அது கை கொடுத்தது.

மரக்கட்டை அச்சுக்கு எப்படி வந்தார்?

வதனாபே ஷோசபுரோ என்ற பதிப்பாளரால். 1885-இல் பிறந்த வதனாபே, அழிந்துகொண்டிருந்த பழைய மரக்கட்டை அச்சுக் கலையைப் புதிய ஓவியர்களைக் கொண்டு மீட்க முனைந்தவர். அந்த முயற்சிக்கு ‘ஷின் ஹங்கா’, அதாவது புதிய அச்சோவியம், என்று பெயர். கைவினைஞர்களிடம் பழைய திறமை இருந்தது. வெளிநாட்டில் வாங்குவதற்கு ஆளும் இருந்தார்கள். அதனால் அவர் வெளிநாட்டு ஓவியர்களையும் தேடினார். 1915-இல் ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் கபெலாரி, 1916-இல் ஆங்கிலேயரான சார்ல்ஸ் பார்ட்லெட், அவர்களுக்கு அடுத்து கீத்.

1919-இல் கொரியாவிலிருந்து திரும்பிய கீத், தன் நீர்வண்ணப் படங்களை டோக்கியோவின் மிட்சுகோஷி பல்பொருள் அங்காடியில் காட்சிக்கு வைத்தார். (அன்று ஜப்பானில் பெரிய கடைகளே ஓவியக் கண்காட்சிகளையும் நடத்தின.) அங்கே வந்த வதனாபே, சியோல் நகரத்தின் கிழக்கு வாசலை வரைந்த படத்தை அச்சாக்கலாம் என்று அவரைச் சம்மதிக்க வைத்தார். நிலவொளியில் கிழக்கு வாசல், விடியலில் கிழக்கு வாசல் என்று அந்த வாசல் இரண்டு பொழுதுகளில் அச்சாயிற்று. இரண்டும் 1920-ஐச் சேர்ந்தவை. நிலவொளிப் படம்தான் இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மரத்தைச் செதுக்கியது அவரேதானா?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. ஒரு வரியில் பதில் சொன்னால் தவறான எண்ணம் வந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வதனாபேயின் பட்டறையில் ஒரு படத்துக்குப் பின்னால் நான்கு பேர்: வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர், பதிப்பாளர். கீத் வரைந்து கொடுத்த படத்தின் கோடுகள் மட்டும் முதலில் மெல்லிய தாளில் எடுக்கப்படும். அந்தத் தாளைக் காட்டுச் செர்ரி மரப் பலகையில் முகம் கீழாக ஒட்டுவார்கள். தாளின் மேல்படலத்தைத் தேய்த்து எடுத்தால் கோடுகள் தலைகீழாகத் தெளிவாகத் தெரியும். கோட்டை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள மரத்தைச் செதுக்குபவர் வெட்டி எடுப்பார். தொப்பியின் வலைப் பின்னலோ தாடி முடியோ வந்தால், விடவேண்டிய மரம் மயிரிழை அளவுதான். வெட்டுக்கத்தி ஒருமுறை பிசகினால் கோடு போயிற்று.

இப்படி உருவாவது கோட்டுக்கட்டை. அதிலிருந்து எடுத்த படிகளில் நிறம் நிறமாக இடம் குறித்துக் கொடுப்பார் ஓவியர். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக்கட்டை. எல்லாக் கட்டைகளிலும் ஒரு மூலையில் சிறிய கோண வடிவ வெட்டும், ஓரத்தில் ஒரு நேர்க்கோட்டு வெட்டும் இருக்கும். அதன் பெயர் ‘கென்தோ’. தாளின் விளிம்பை அந்த வெட்டில் பொருத்தி வைத்தால், எத்தனை கட்டை மாறினாலும் நிறம் தன் இடத்தில் விழும்.

அச்சிட இயந்திரம் கிடையாது. காகித மல்பெரியின் நாரால் செய்து படிகாரமும் பசையும் பூசிய தாளை ஈரப்படுத்தி வைத்திருப்பார்கள். நீரில் கரையும் வண்ணத்தோடு கொஞ்சம் அரிசிப் பசையைச் சேர்த்துக் கட்டையில் குதிரைமயிர்த் தூரிகையால் தேய்ப்பார்கள். தாளை மேலே வைத்து, மூங்கில் மடல் சுற்றிய ‘பாரன்’ என்ற வட்டத் தேய்ப்பானால் பின்பக்கத்தில் அழுத்தித் தேய்ப்பார்கள். வானம் மேலே கருநீலமாக இருந்து கீழே வர வர வெளிறுகிறதே, அது தூரிகையின் ஒரு பக்கம் வண்ணமும் மறுபக்கம் நீருமாகக் கட்டையிலேயே கலைத்துவிடுவதால் வருவது. இதற்கு ‘பொக்காஷி’ என்று பெயர். ஒவ்வொரு படிக்கும் புதிதாகச் செய்ய வேண்டிய கைவேலை. நிலவொளிக் கிழக்கு வாசலின் இரவு நீலம் படிக்குப் படி சற்று மாறுவது அதனால்தான்.

ஆக, வதனாபேயிடம் அச்சான படங்களில் கத்தி பிடித்தது கீத் இல்லை. மூலப் படம் அவருடையது. சோதனைப் படிகளைப் பார்த்து, இந்தச் சிவப்பு கூடுதல், அந்த நீலம் போதாது என்று திருத்தியதும் ஓவியர் என்ற முறையில் அவர்தான். ஆனால் படத்தின் விளிம்பில் ஓவியர் கையெழுத்தும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும். செதுக்கியவர் பெயர், அச்சிட்டவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. கீத்தின் படங்களில் நாம் வியக்கும் விஷயங்களில் பாதியாவது அந்தப் பெயரில்லாதவர்களின் கைப்பக்குவம். கண்காட்சிக் குறிப்புகளில் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கொரியாவுக்கு அவர் போனபோது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது?

கொரியாவை ஜப்பான் 1910-இல் தன்னோடு இணைத்துக்கொண்டது. 1919 மார்ச் 1 அன்று சியோலில் விடுதலை அறிக்கை வாசிக்கப்பட்டு, நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அடக்குமுறை கடுமையாக இருந்தது. அந்த மாதக் கடைசியில்தான் அக்காவும் தங்கையும் கொரியாவில் வந்து இறங்கினார்கள். தங்கியது கிறிஸ்தவ மிஷனரிகளின் வீடுகளில். எல்ஸ்பெத் முன்னதாகவே திரும்பிவிட, கீத் மாதக்கணக்கில் தங்கி வரைந்தார். பிறகும் பலமுறை போனார். 1921-இலும் 1934-இலும் சியோலில் கண்காட்சியும் நடத்தினார்.

அப்படியானால் அவர் படங்களில் ஏன் அரசியலே இல்லை?

இருக்கிறது. ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை.

டோக்கியோவில் அச்சாகி விற்பனைக்கு வந்தவை திருமண ஊர்வலம், புத்தாண்டுக் கடைத்தெரு, சதுரங்கம் ஆடும் ஆண்கள், வைரமலை அருவி போன்றவை. ஜப்பானியப் பதிப்பாளர் ஒருவர், ஜப்பானிய அரசின் கண்முன் விற்ற படங்கள். வேறு எதை எதிர்பார்க்க முடியும்?

நீர்வண்ணங்களுக்கு வாருங்கள். அவற்றில் ஒரு விதவையின் படம் இருக்கிறது. விடுதலை இயக்கத்துக்காகச் சிறைப்பட்டு, வதைபட்டு, அப்போதுதான் வெளியே வந்திருந்த பெண். கீத் காயத்தை வரையவில்லை. அமர்ந்திருக்கும் அமைதியை வரைந்தார். முகத்தில் பழிவாங்கும் எண்ணமும் இல்லை, பரிதாபம் கோரும் பார்வையும் இல்லை. வரைந்தவர் அந்தப் பெண்ணை மதித்தார் என்பது மட்டும் தெரிகிறது.

இன்னொரு படம் கிம் யுன்-சிக் என்ற முதியவருடையது. 1835-இல் பிறந்த அரசவை அறிஞர். இணைப்புக்குப் பிறகு ஜப்பான் அவருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்திருந்தது. 1919-இல், எண்பதைத் தாண்டிய வயதில், கொரியாவுக்கு விடுதலை கொடுங்கள் என்று ஜப்பானிய அரசுக்கு மனு எழுதினார். பட்டம் பறிபோனது, வழக்கும் வந்தது. 1922-இல் இறந்தார். கீத் அவரைச் சடங்கு உடையில், உரிய மரியாதையோடு உட்கார வைத்து வரைந்தார். அந்தச் சூழலில் அப்படி உட்கார வைத்ததே ஒரு நிலைப்பாடு.

இத்தகைய படங்களும், கொரியாவில் கண்ட கொடுமைகள் பற்றிய எழுத்தும் ஒரே நூலாக வெளிவந்தது 1946-இல், ஜப்பான் போரில் தோற்ற பிறகு. எல்ஸ்பெத்தும் எலிசபெத்தும் சேர்ந்து எழுதிய, பழைய கொரியாவைப் பற்றிய அந்த நூல்தான் இன்று கொரியர்கள் கீத்தைக் கொண்டாடுவதற்கு முதல் காரணம்.

ஒரு படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியுமா?

1938-இல் வந்த கொரிய மணப்பெண் படத்தை எடுத்துக்கொள்ளலாம். முகம் முழுக்க வெள்ளை மாவு. இரு கன்னத்திலும் நெற்றியிலும் சிவப்புப் பொட்டு. தலையில் மணி கோத்த கிரீடம், உடலை மறைக்கும் பட்டுச் சடங்கு அங்கி. முதலில் கண் போவது அலங்காரத்தின் மீதுதான். பிறகுதான் அவள் கண் மூடியிருப்பது உறைக்கும். அன்றைய வழக்கப்படி திருமண நாள் முழுவதும் மணப்பெண் கண்ணைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. சுற்றிலும் விருந்து நடக்கும். அவளுக்குச் சாப்பாடு கிடையாது. கீத் இதை மனம் நொந்து எழுதியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், மேலே ஏற்றப்பட்ட அத்தனை பட்டும் மணியும் கனக்க ஆரம்பிக்கின்றன.

ஆண்கள் படம் என்றால் தொப்பியைப் பாருங்கள். ‘கட்’ என்ற அந்தக் கறுப்புத் தொப்பி குதிரைமயிராலும் மூங்கில் இழைகளாலும் பின்னியது. ஊடாகப் பார்த்தால் உள்ளே உச்சிக்கொண்டை தெரியும். நீர்வண்ணத்தில் அந்த ஒளி ஊடுருவலைக் காட்டுவது எளிது. மரத்தில் காட்ட, கறுப்பு இழைகளை ஒரு கட்டையிலும் அவற்றின் அடியில் தெரியும் சாம்பல் நிழலை இன்னொரு கட்டையிலும் வைத்து அச்சிட வேண்டும்.

கொரியாவைத் தவிர வேறு எங்கே வரைந்தார்?

ஜப்பானில் காமகுராவின் பெரிய புத்தர், ஹொக்கைடோ தீவின் ஐனு மக்கள். சீனாவில் பீக்கிங் (இன்றைய பெய்ஜிங்), சூசோ, மக்காவ். பிலிப்பைன்ஸில் சுலுக் கடலின் வண்ணப் பாய்மரப் படகுகள். சீனப் படங்களில் தெரு வெளிச்சமும் கூட்டமும் நன்றாக இருக்கும். நீல வெள்ளைப் பீங்கான்கள் நிறைந்த கடை ஒன்று, ‘நீலமும் வெள்ளையும்’ என்ற தலைப்பில் 1925-இல் வந்தது, எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று. பிலிப்பைன்ஸ் படங்கள் அழகானவை, ஆனால் அங்கே அவர் விருந்தாளி போலத்தான் பார்த்தார். கொரியப் படங்களில் உள்ள நெருக்கம் அவற்றில் இல்லை.

1923 நிலநடுக்கத்துக்கும் இவர் படங்களுக்கும் என்ன தொடர்பு?

அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று டோக்கியோவையும் யோகோஹாமாவையும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் அழித்தன. வதனாபேயின் கடை எரிந்தது. செதுக்கி வைத்திருந்த கட்டைகளும் விற்காத படிகளும் சாம்பலாயின. எனவே அதற்கு முந்தைய படிகள் அரியவை. 1924-இல் கீத் இங்கிலாந்து திரும்பினார்.

செப்புத் தகட்டு அச்சு எப்போது கற்றார்?

இங்கிலாந்து திரும்பிய பிறகு. செப்புத் தகட்டில் கோடு கீறி, அமிலத்தால் அரித்து, வண்ணமையிட்டு அழுத்தும் எச்சிங் முறை அது. மரக்கட்டை அச்சில் நான்கு பேர் செய்த வேலையை இதில் ஒருவரே செய்யலாம் என்பது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். ஆனாலும் என் கண்ணுக்கு அவருடைய மரக்கட்டைகள்தான் உயரம். 1929-இல் மீண்டும் ஜப்பான் போனார். மரக்கட்டைப் படங்கள் 1930-களிலும் தொடர்ந்து வந்தன.

கொரியக் கிறிஸ்துமஸ் வில்லைகளில் இவர் படம் இருக்கிறதாமே?

ஆம். ஷெர்வுட் ஹால் என்ற மிஷனரி மருத்துவர் கொரியாவின் ஹேஜு நகரில் 1928-இல் காசநோய் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதற்கு நிதி திரட்ட, கடிதத்தில் தபால்தலையோடு சேர்த்து ஒட்டும் கிறிஸ்துமஸ் வில்லைகளை 1932 முதல் வெளியிட்டார். 1934, 1936, 1940 ஆண்டுகளுக்கான வில்லைகளுக்குக் கீத் படம் வரைந்து கொடுத்தார். ‘கி தொக்’ என்று கொரிய உச்சரிப்பில் தன் பெயரையும் அமைத்துக்கொண்டார். சிறிய தாள்துண்டுதான், ஆனால் அவருடைய அச்சோவியம் வாங்க வசதியில்லாத கொரிய வீடுகளுக்கும் அவர் படம் போனது இந்த வழியில்தான்.

1940-ஆம் ஆண்டு வில்லையை ஜப்பானிய அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். ஹால் உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டு நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர் அடுத்து வந்து சேர்ந்த இடம் இந்தியா. அஜ்மீர் அருகில் உள்ள மதார் காசநோய் மருத்துவமனையில் 1963 வரை பணியாற்றினார்.

புத்தகப் படங்கள் வரைந்தாரா?

பிறர் கதைகளுக்குப் படம் போடும் தொழில்முறை ஓவியர் என்று அவரைச் சொல்ல முடியாது. தன் படங்களைச் சுற்றித் தானே எழுதினார் என்பதுதான் சரி. 1928-இல் வந்த பயண நூல், அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து அக்கா தொகுத்தது. பன்னிரண்டு வண்ணப் படங்கள் கொண்டது. கடிதம் என்பதால் நடை சரளமாக இருக்கும். எந்த வீட்டில் எந்த மாடலை உட்கார வைக்கப் பட்ட பாடு, வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டம் எல்லாம் அதில் வரும்.

கொரியக் கடற்படைத் தளபதி யி சுன்-சின்னின் உண்மையான உருவத்தை இவர் வரைந்தார் என்பது சரியா?

யி சுன்-சின் இறந்தது 1598-இல். கீத் அவரைப் பார்த்திருக்க வழியில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. கீத்தின் நீர்வண்ணம் ஒன்றில் போர்வீரர் உடையில் ஒருவர் இருக்கிறார். பின்னணியில் ஆமைக் கப்பலைப் (ஆமை ஓடு போல மேல்தளம் மூடிய, யி சுன்-சின்னின் போர்க்கப்பல்) போன்ற கப்பல்கள் தெரிகின்றன. பழைய உருவப்படம் எதையோ பார்த்து அவர் நகலெடுத்திருக்கலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். யி சுன்-சின் வாழ்ந்த காலத்து உருவப்படம் எதுவும் இன்று இல்லை என்பதால் கொரியாவில் இது உணர்ச்சிகரமான விஷயம். முடிவாகவில்லை.

கிழக்கை அழகுபடுத்தி மேற்கத்தியரிடம் விற்றவர் என்ற விமர்சனம் நியாயமா?

பாதி நியாயம். வாங்கியவர்கள் பெரும்பாலும் மேற்கத்தியர்தான். 1930-களில் லண்டனிலும் அமெரிக்காவிலும் கண்காட்சிகள் நடந்தன. 1937-இல் இங்கிலாந்து அரசர் ஆறாம் ஜார்ஜின் மனைவி எலிசபெத் ராணியும் சில படங்களை வாங்கினார். வாங்கியவர்களின் வீட்டுச் சுவருக்கு எது பொருந்துமோ அதுவே அச்சானது. சியோலில் அன்று டிராம் வண்டி ஓடியது, மின்கம்பங்கள் நின்றன. கீத்தின் சியோலில் அவற்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மறுபாதி: அன்றைய கொரியாவைப் பற்றி ஜப்பானில் அச்சான அஞ்சலட்டைகளில் கொரியர்கள் ‘சோம்பேறிக் கூட்டம்’, ‘பழைய வழக்கம்’ என்ற தலைப்புகளுக்கான மாதிரிகள். கீத்தின் படத்தில் இருப்பவர்களுக்கு வயது இருக்கிறது, வேலை இருக்கிறது, மனநிலை இருக்கிறது. யாரை எங்கே சந்தித்தார் என்பதை எழுதியும் வைத்தார். நல்ல விமர்சகர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும் ஏன் மறக்கப்பட்டார்?

போர்தான் முதல் காரணம். 1930-களின் பிற்பகுதியிலிருந்து ஜப்பானில் அச்சான படத்தை வாங்க பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் யாருக்கு மனம் வரும்? போருக்குப் பிறகு ஓவிய உலகத்தின் ருசி மாறிவிட்டது. ஜப்பானிலேயே, வரைவதும் செதுக்குவதும் அச்சிடுவதும் ஒருவரே செய்வதுதான் கலை என்ற ‘சோசாக்கு ஹங்கா’ இயக்கத்தின் கை ஓங்கியது. பட்டறையில் உருவான ஷின் ஹங்கா படங்கள் அலங்காரப் பொருளாகத் தள்ளப்பட்டன. பிரிட்டிஷ் கலை வரலாற்றுக்கு அவர் ஜப்பான் பக்கம். ஜப்பானியக் கலை வரலாற்றுக்கு வெளிநாட்டுக்காரி. கடைசியில் மீட்டெடுத்தது கொரியர்கள். 1946 நூல் 2006-இல் கொரிய மொழியில் வெளிவந்ததும் பெயர் மீண்டும் பேசப்பட்டது.

அசல் படியை எப்படி அடையாளம் காண்பது?

தாளைத் திருப்புங்கள். கையால் தேய்த்த படியில் நீர்வண்ணம் பின்பக்கம் வரை ஊறியிருக்கும். பாரன் தேய்த்த வட்டத் தடங்களும் சாய்வான ஒளியில் தெரியும். உருப்பெருக்கியில் பார்க்கும்போது வண்ணம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது புத்தகத்திலிருந்து வெட்டிய படம். படத்தின் கீழ் விளிம்பில் பென்சில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். நீலமும் சிவப்பும் வெளிச்சத்தில் வெளிறிவிடும் என்பதால், வாங்குமுன் சட்டகத்தின் அடியில் மறைந்திருக்கும் விளிம்பு நிறத்தோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

அவருடைய படங்களை எங்கள் இதழில் பயன்படுத்தலாமா?

இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. கீத் இறந்தது 1956 என்பதால் 2016-உடன் முடிந்தது. பிரிட்டனில் 70 ஆண்டுகள், அதாவது 2026 முடிவு வரை. படத்தின் புகைப்படத்தை எடுத்த அருங்காட்சியகம் தனி நிபந்தனை வைத்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

நேரில் எங்கே பார்க்கலாம்?

அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஜோர்டன் ஷ்னிட்சர் அருங்காட்சியகத்தில் நல்ல தொகுப்பு உண்டு. அதை நிறுவிய சேகரிப்பாளர் கெர்ட்ரூட் பாஸ் வார்னர், கீத்தின் படங்களை விரும்பி வாங்கியவர். ஹொனலுலு கலை அருங்காட்சியகத்திலும் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் படங்கள் இருக்கின்றன. தாள் வெளிச்சம் தாங்காது என்பதால் எப்போதும் சுவரில் மாட்டியிருக்க மாட்டார்கள், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். இணையத் தொகுப்புகளில் எந்நேரமும் பார்க்கலாம்.

கீத்தைப் போல வேறு யாரைப் பார்க்கலாம்?

கீத்துக்கு ஒரு தலைமுறை முன்னால் வந்த அமெரிக்கப் பெண்கள் ஹெலன் ஹைட், பெர்த்தா லம். ஹைட் தாய்மாரையும் குழந்தைகளையும் வரைந்தார். இனிப்பு சற்று கூடுதல். லம் 1920-களில் பீக்கிங்கில் குடியேறி, பேய்க்கதைகளையும் தெய்வங்களையும் பிடித்துக்கொண்டார். டோக்கியோவில் பிறந்த லிலியன் மில்லர், அமெரிக்கத் தூதரக அதிகாரியின் மகள். தந்தைக்குச் சியோலில் பணி என்பதால் கீத் வரைந்த அதே கொரியாவை அவரும் வரைந்தார். ஒரு கட்டத்தில் பட்டறையை விட்டுத் தானே செதுக்கி, தானே அச்சிட ஆரம்பித்தார். கீத்தின் படங்களையும் மில்லரின் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கைவினைஞர் தந்தது என்ன, ஓவியர் தந்தது என்ன என்பது ஓரளவு பிடிபடும்.

பாரிஸில் பிறந்து சிறு வயதிலேயே ஜப்பானுக்கு வந்த போல் ஜக்கூலேயையும் விட்டுவிடாதீர்கள். கொரியர்களையும் தென்கடல் தீவு மக்களையும் வரைந்தவர். வண்ணங்கள் கூச வைக்கும். ஆனால் அவருடைய படங்களின் விளிம்பில், செதுக்கியவர் மயேதா கென்தாரோ, அச்சிட்டவர் ஃபுஜி ஷுன்னொசுகே என்று கைவினைஞர்களின் பெயர்களும் அச்சாகியிருக்கும்.